உயிரோடிருந்தவருக்கு ஒரு ஜனாஸா அறிவித்தல்

மகனே, அஸ்ஸலாமு அலைக்கும். காகிதத்தில் கடிதம் எழுதுகிறாரே வாப்பா என்று நீ சிரிப்பாய். சிரி. உம்மாவிடம் சொல்லி இதைப் படம் பிடித்து உனக்கு அனுப்புவேன். உனக்கு மட்டுமல்ல, இதைப் படிக்க வேண்டியவர்கள் இந்த ஊரில் நிறையப் பேர் இருக்கிறார்கள், அவர்களுக்கும் போகும். அதனால் இதை உனக்கும் எனக்கும் இடையிலான கடிதம் என்று நினைக்காதே. முப்பது வருடம் ஆட்டோவில் ஒலிபெருக்கிக் குழாயைக் கட்டிக்கொண்டு ஊர் முழுக்கக் கத்தியவனுக்கு இரகசியமாக எழுதத் தெரியாது. இரகசியமாக வைத்திருக்கத்தான் தெரிந்திருக்கிறது, அதுதான் என் பிழை.

போன கிழமை கட்டாரிலிருந்து ஒரு வொயிஸ் அனுப்பியிருந்தாய். நீ வேலை செய்யும் ஸ்டோரில் எல்லாவற்றையும் கொம்பியூட்டருக்கு மாற்றுகிறார்களாம். இருபத்திரண்டு வயதுப் பொடியன் ஒருவனை உனக்கு மேலே போட்டிருக்கிறார்களாம், அவன் சொல்லித் தந்துதான் நீ படிக்க வேண்டுமாம். இந்தப் பக்கம் இரண்டு மாதத்தில் கல்யாணம். நம் ஊர் வழக்கப்படி நீ நிந்தவூரில் பெண் வீட்டுக்குப் போய் இருக்க வேண்டும். "வேலையும் மாறுது, வீடும் மாறுது வாப்பா. எனக்குத் தல சுத்துது. ஆட்டோ அறிவித்தல ஒருத்தரும் கேக்காமப் போன நேரம் நீங்க எப்பிடி அதத் தாங்கினீங்க?" என்று கேட்டாய். நான் உடனே பதில் அனுப்பினேன். "சபூர் செய் மகன், பொறுமையா இரு. காலம் மாறினா நாமளும் மாறணும். அல்லாஹ் போதுமானவன்." நல்ல குரலில், ஏற்ற இறக்கத்தோடு சொல்லியிருந்தேன். நீயும் "ஜஸாக்கல்லாஹ் வாப்பா" என்று போட்டிருந்தாய்.

அந்தப் பதில் பொய். நான் தாங்கவே இல்லை. நீ தாங்கினாய், எனக்காக. எப்படி என்று உனக்குத் தெரியும், ஆனால் நான் என் வாயால் சொல்லி நீ ஒருநாளும் கேட்டதில்லை. இன்று சொல்கிறேன்.

வாப்பாவின் தொழில் எப்படி இருந்தது என்று உனக்குச் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். காணாமல் போன ஆடு, நாளைக்குத் தண்ணீர் வராது என்ற செய்தி, நோன்பு காலத்தில் கல்முனைப் புடவைக் கடைகளின் மலிவு விற்பனை, காரைதீவில் கோயில் திருவிழா என்றால் அதுவும், எல்லாம் என் வாயால்தான் போகும். ஆனால் ஊர் என்னை அறிந்திருந்தது ஜனாஸா அறிவித்தலுக்குத்தான். இன்னாரின் அன்புக் கணவரும் இன்னாரின் தகப்பனாருமான இன்னார் வபாத்தானார்கள் என்று நான் சொல்லும்போது அரிசி களைகிற பெண்கள் கையை நிறுத்திக் கேட்பார்கள். ஒரு தெருமுனையில் மூன்று தரம் சொல்வேன், பிறகு அடுத்த தெரு. ஊரில் ஒருவர் இறந்தால், நான் சொன்ன பிறகுதான் அவர் இறந்தவர். பெருமை பேசுகிறேன் என்று நினைக்காதே. அந்தப் பெருமைதான் இந்தக் கதையின் மூலகாரணம் என்பதால் சொல்கிறேன்.

பிறகு நீ வளர்ந்தாய். கொமியூனிகேஷன் கடையில் வேலைக்குச் சேர்ந்தாய், ஒரு போன் வாங்கினாய், வாட்ஸ்அப்பில் ஊர்ச் செய்திக்கென்று ஒரு குழு தொடங்கினாய். ஒரு வருடத்துக்குள் பாதி ஊர் அதில் இருந்தது. நான் மைக்கைத் துடைத்து எடுத்துக்கொண்டு புறப்படும்போது செய்தி ஏற்கனவே எல்லோர் கையிலும் இருக்கும். ஒருநாள் கடற்கரை வீதியில் நின்று ஒரு ஜனாஸாவை அறிவிக்கிறேன், ஒரு பெண் வேலிக்கு மேலால் தலையை நீட்டி, "அது காலையிலயே உங்கட மகன் போட்டுட்டார் காக்கா, நாங்க மரண வீட்டுக்கும் போய் வந்துட்டம்" என்றாள். அவள் மரியாதையாகத்தான் சொன்னாள். அடுத்த தெருவுக்குப் போகாமல் ஆட்டோவைத் திருப்பினேன். போட்டவன் வேறொருவன் என்றால் கோபித்துக்கொண்டு போயிருப்பேன். என் பிழைப்பில் கை வைத்தவன் என் வீட்டிலேயே தூங்கி எழும்புகிறான்.

நீ என்னைப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாய். ஒருநாள் சாப்பாட்டில் இருக்கும்போது சொன்னாய்: "வாப்பா, நீங்க சொல்றத நான் போன்ல பதிஞ்சு குழுவுல போடுறன். எழுத்த ஆரும் எழுதலாம். உங்கட குரல் எண்டாத்தான் ஊர் நம்பும். ரெண்டு பேரும் சேந்து செய்வம்." எவ்வளவு நல்ல யோசனை. இன்றைக்கு அப்படித்தானே எல்லா ஊரிலும் செய்கிறார்கள். நான் என்ன சொன்னேன்? "என்ட குரலென்ன புட்டாடா, பாக்கெட்டில போட்டு விக்க?" உன் மச்சான்மார் இரண்டு பேர் பக்கத்தில் இருந்தார்கள், சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். தட்டைக் கழுவப் போன நீ திரும்பி வந்து உட்காரவில்லை. புதியதைக் கொண்டு வருகிறவன் நம்மைத் தள்ளிவிட்டுப் போகத்தான் வருகிறான் என்று நான் முடிவு கட்டிவிட்டேன். அவன் எனக்கும் ஓர் இடம் பிடித்து வைத்துவிட்டு வந்து கூப்பிடுகிறான் என்பது மண்டையில் ஏறவில்லை.

இனி, ஆறு வருடத்துக்கு முந்திய அந்தச் செவ்வாய்க்கிழமை. அடுத்த தெருப் போடியார், வரிப்பத்தான்சேனைப் பக்கம் வயல் வைத்திருந்தவர், ஊரில் எல்லோரும் பெயர் சொல்லாமல் போடியார் என்றே அழைத்தவர், நெஞ்சு வருத்தத்தோடு ஆசுபத்திரியில் கிடந்தார். மதியம் ளுஹர் தொழுதுவிட்டுத் தேநீர்க் கடையில் இருக்கிறேன். ஒருவர் வந்து சொன்னார்: "டொக்டர்மார் கைய விரிச்சிட்டாங்களாம். இனி வீட்டுக்குத்தான் கொண்டு வருவாங்களாம்." அவ்வளவுதான் அவர் சொன்னது. மௌத்து என்ற சொல்லை அவர் சொல்லவில்லை. நான் தவறாகக் கேட்கவும் இல்லை. இந்த ஆறு வருடத்தில் எனக்கு நானே எத்தனையோ தரம் சொல்லிப் பார்த்தேன், அவசரத்தில் விளங்காமல் போய்விட்டது என்று. விளங்கித்தான் இருந்தது. மிஞ்சினால் ஒரு மணித்தியாலம், அதற்குள் உன் குழுவில் வந்துவிடும், போடியாருடையதையாவது நான் முந்த வேண்டும், ஒரு மணித்தியாலம் முந்திச் சொன்னால் என்ன குறைந்துவிடப் போகிறது என்று நினைத்தேன். ஒரு மனிதனுடைய கடைசி மணித்தியாலத்தை நான் அப்படிக் கணக்குப் பார்த்தேன், மகனே.

ஆட்டோவில் ஏறி மைக்கைச் சரிசெய்யும்போது போன் அடித்தது. நீ. வெட்டினேன். பிரதான வீதியில் திரும்பும்போது மறுபடி அடித்தது. வெட்டினேன். போடியாரின் தெரு முனையில் மூன்றாவது தரம். தான் முதலில் சொல்வதற்காகத் தன் வாப்பாவையே தடுக்கப் பார்க்கிறான் என்று நினைத்து, உன்னை ஒரு கெட்ட வார்த்தையால் ஏசிவிட்டு வெட்டினேன். பிறகு மைக்கைப் போட்டேன். என் வாழ்க்கையில் அவ்வளவு தெளிவாக நான் ஓர் அறிவித்தல் செய்ததில்லை. இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். நல்லடக்க நேரம் பின்னர் அறிவிக்கப்படும்.

போடியாரின் மனைவி சுலைஹா உம்மா அந்த நேரம் வீட்டில் கணவருக்காக யாஸீன் ஓதிக்கொண்டிருந்தார். என் குரலைக் கேட்டார். வேறு யாரையும் கேட்டுப் பார்க்க வேண்டும் என்று அந்த வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை, ஏனென்றால் சொன்னது நான். பெண்கள் கூடினார்கள். காப்பையும் தோட்டையும் கழற்றினார்கள். இத்தா இருக்க வேண்டும் என்று வெள்ளை உடுத்திவிட்டு, உள்ளறைக்குத் திரை கட்டி உட்காரவைத்தார்கள். கணவனை இழந்தவள் நாலு மாதமும் பத்து நாளும் இருக்கவேண்டிய இருப்பை அந்த மனுஷி, கணவன் உயிரோடு இருக்கும்போதே தொடங்கிவிட்டார். முக்கால் மணித்தியாலம் கழித்து ஒரு போன் கோல் வந்தது. போடியார் கண் விழித்துத் தண்ணீர் கேட்டாராம்.

பின்னேரம் பள்ளிவாசல் நிர்வாகத்தைப் பார்க்கிற மரைக்காயர்மார் என்னை அங்கே கூப்பிட்டார்கள். போடியாரின் ஆட்களும் நின்றார்கள். இனி ஊரில் மைக் பிடிக்கக் கூடாது என்று சொல்லப் போகிறார்கள் என்று எனக்குத் தெரியும். நான் வாயைத் திறக்க முந்தி நீ எழும்பினாய். "நான்தான் வாப்பாவுக்குக் கோல் எடுத்துச் சொன்னன். ஆசுபத்திரியில இருந்து செய்தி வந்திட்டெண்டு நான்தான் சொன்னன். பிழ என்ட." தலைமை மரைக்காயர் என்னைப் பார்த்து, "ஓமா, இவன் எடுத்தவனா?" என்று கேட்டார். நான் அப்போதுகூட வாயைத் திறக்கவில்லை. சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து நீட்டினேன். மகன், மகன், மகன் என்று மூன்று தரம் இருந்தது. நான் வெட்டிய அழைப்புகள் அவை. அவருக்குக் கண்ணாடி இல்லாமல் சின்ன எழுத்துத் தெரியாது, பெயரை மட்டும் பார்த்தார். "ஓம், எடுத்துத்தான் இரிக்கான்" என்று போனைத் திருப்பித் தந்தார். என்னைத் தடுக்க நீ எடுத்த அழைப்புகளையே உனக்கு எதிரான சாட்சியாகக் காட்டினேன். அவசர அறிவித்தலைக்கூட அல்லாஹ் மன்னிக்கலாம். அந்தப் போனை நீட்டிய கையை நான் இப்போதும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

வீட்டுக்கு நடந்து வரும் வழியில், "ஏன் மகன் இப்பிடிச் செஞ்சாய்?" என்று கேட்டேன். வெட்கமில்லாமல் கேட்டேன். நீ சாதாரணமாகச் சொன்னாய்: "எனக்கு இன்னொரு வேல தேடலாம் வாப்பா. உங்களுக்கு?" பிறகு கல்முனையில் எங்கோ கடலை விற்கிறவனைப் பற்றி ஏதோ பகிடி சொன்னாய். நானும் சிரித்தேன்.

அடுத்த நாள் நீ குழுவை மூடினாய். ஒரு செய்தித் தளத்தில் உன்னை எடுக்கக் கதைத்துக்கொண்டிருந்தார்கள், அவர்கள் பிறகு கதைக்கவில்லை. உனக்குப் பேசியிருந்த பெண் வீட்டார், "அவசரக்காரப் பொடியன்" என்று விலகினார்கள். சந்தியில் நின்றவர்கள் உன்னைக் கண்டால், "எங்கட பேரையும் போட்டிராத தம்பி" என்று கேலி செய்தார்கள். இத்தனைக்கும், வீட்டு ஆட்கள் தங்கள் வாயால் சொல்லாமல் ஒரு மரணச் செய்தியைக்கூட நீ போட்டதில்லை. அதுதான் உன் சட்டம், எனக்குத் தெரியும். மூன்றாம் மாதம் கட்டாருக்குப் போனாய். வளர்ந்துகொண்டிருந்த உன் வேலையைக் கொடுத்து, முடிந்துகொண்டிருந்த என் வேலையைக் காப்பாற்றினாய். அதுவும் நாலு வருடம்தான் தாங்கியது. இப்போது இரண்டு வருடமாகக் குழாய் பின்னறையில் கிடக்கிறது. ஆட்டோவில் சந்தைக்குப் போகிற பெண்களை ஏற்றி இறக்குகிறேன். எதற்காக உன்னைப் பலிகொடுத்தேனோ, அதுவும் நிற்கவில்லை.

போடியார் சுகமாகி வீட்டுக்கு வந்து எட்டு மாதம் இருந்தார். நான் பார்க்கப் போனேன். கட்டிலில் இருந்தபடி என்னைக் கண்டதும் சிரித்தார். "வா, வா. என்ட மௌத்த முதல் தரமும் நீதான் சொன்னாய், ரெண்டாந் தரமும் நீதான் சொல்லணும், வேற ஆளுக்குக் குடுக்காத" என்றார். பிறகு என் முகத்தையே பார்த்துக்கொண்டு, "மகன் சொன்னத நம்பினதுக்கு நீ என்ன செய்வாய்?" என்று கேட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டு, "ஓம் போடியார்" என்றேன்.  பிறகு தேநீர் கொண்டுவரச் சொன்னார். அவர் இறந்தபோது அவர் சொன்னபடி நான்தான் அறிவித்தேன். அன்று தெருக்களில் சனம் என்னைக் கேட்ட விதத்தில் ஒரு தயக்கம் இருந்தது.

உனக்கு நான் என்ன புத்தி சொல்வது? ஆனாலும் கேட்டுவிட்டாய். நான் செய்யாததைச் செய், அவ்வளவுதான் என் புத்தி. அந்த இருபத்திரண்டு வயதுப் பொடியனிடம் முதல் நாளே, "தம்பி, இது எனக்குத் தெரியாது, காட்டித் தாங்க" என்று சொல்லிவிடு. எனக்குத் தெரியாது என்ற சொல் வாயில் வந்திருந்தால் நான் அன்று உன் போனை எடுத்திருப்பேன். அவன் இரண்டாம் தரம் கூப்பிட்டால் எரிச்சல்படாதே. எரிச்சலோடு இருக்கிறவனுக்கு நல்ல செய்தியும் ஏச்சு மாதிரித்தான் கேட்கும்.

பெண் வீட்டு விஷயமும் சொல்கிறேன். நான் மருதமுனையிலிருந்து உன் உம்மாவின் வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்த முதல் நாள் பாகற்காய்க் கறி வைத்திருந்தார்கள். எனக்குப் பாகற்காய் என்றால் ஆகாது. மாமி என் முன்னால் வரமாட்டார், திரைக்குப் பின்னால் நின்று, "கறி எப்பிடியாம்?" என்று உம்மாவிடம் கேட்டார். புது மாப்பிள்ளை அல்லவா, "நல்ல ருசி" என்றேன். பதினொரு வருடம் பாகற்காய் தின்றேன், மகனே. வெள்ளிக்கிழமைகளில் இரண்டு அகப்பை கூட. மாமி இறந்த பிறகுதான் உம்மாவிடம் சொன்னேன். அவள் சிரித்துச் சிரித்துக் கடைசியில் அழுதாள். "எங்கட உம்மாக்கும் பாகக்கா புடிக்காது, உங்களுக்காகத்தான் தேடித் தேடி வாங்கின" என்றாள். வாய்க்காரன் என்று பெயரெடுத்தவன் நான், சொல்லவேண்டிய சொல்லை மட்டும் உரிய நேரத்தில் சொல்ல மாட்டேன். நீ அப்படி இராதே. பிடிக்காததை முதல் நாளே மரியாதையாகச் சொல்லிவிடு. விருந்தாளியாகப் போகாதே, குசினிக்குள் போ, தேங்காயைத் துருவிக் கொடு. வழக்கம் இல்லைதான். வழக்கத்தை உடைத்தவன் என்று பேசினால் பேசட்டும்.

இப்போது, இதை ஏன் இன்றைக்கு எழுதுகிறேன் என்பது. உனக்குப் பதில் அனுப்பிய அதே கிழமை நிந்தவூரிலிருந்து உன் மாமா ஆகப் போகிறவர் எனக்குக் கோல் எடுத்தார். நல்ல மனிதர், சுற்றி வளைக்கவில்லை. "பொடியன் தங்கமான பொடியன் எண்டுதான் எல்லாரும் சொல்றாங்க. ஒரு கததான் காதுல விழுந்திச்சி. உசிரோட இரிந்த ஆளுக்கு ஜனாஸா அறிவிக்க வெச்சவராமே? மகளுக்கு வாற ஆள், அதான் கேக்கன். அவசர புத்திக்காரரோ?" என்றார். ஆறு வருடம் கழித்து அல்லாஹ் அதே கேள்வியை என்னிடம் இன்னொரு தரம் கேட்கவைத்தான். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அது சின்ன வயசுல நடந்தது ஹாஜியார். இப்ப அவன் திருந்திட்டான்." நீ செய்யாத குற்றத்துக்கு உன்னைத் திருத்தியும் விட்டேன். அவர் "சரி, யோசிச்சுச் சொல்றன்" என்று வைத்தார்.

உம்மா கதவடியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். நான் போனை வைத்ததும் சொன்னாள்: "ஊரெல்லாம் கதைக்கிறதுக்கெண்டே பொறந்த ஆள் நீங்க. இத மட்டும் ஏன் கதைக்கல்ல?" அவளுக்குத் தெரியுமா என்று கேட்டேன். "எனக்குப் பிள்ளையையும் தெரியும், உங்களையும் தெரியும்" என்றாள். அதற்கு மேல் அவள் ஏசவில்லை. ஏசியிருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும்.

புதன்கிழமை முதலில் சுலைஹா உம்மாவிடம் போனேன். வாசலில் நின்று எல்லாவற்றையும் சொன்னேன், கடையில் கேட்டது, வெட்டிய போன், பள்ளிவாசலில் நீட்டியது, எல்லாம். கதவுக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டார். பிறகு சொன்னார்: "எனக்குத் தெரியும் தம்பி. அண்டைக்கே தெரியும். வெள்ளையோட இரிக்கன், மகள் போனக் கொண்டந்து தாறாள், உங்கட மகன். 'மாமி, மாமா உசிரோட இரிக்கார், தண்ணி கேட்டாராம். வாப்பா அவசரப்பட்டுட்டார், மைக்கோட வெளிக்கிட்டார் எண்டு கேள்விப்பட்டு நான் மூணு தரம் எடுத்தன், எடுக்கல்ல. அவர ஏசிராதீங்க மாமி' எண்டு அழுதான். அடுத்த நாள் வந்து நிண்டான், பள்ளியில தான் சொன்னத மாத்திச் சொல்லிராதீங்க எண்டு கையப் புடிச்சிக் கெஞ்சினான். அவருக்கும் நான் சொன்னன். நீங்க பாக்க வந்த அண்டைக்கு, நீங்களாச் சொல்லுவீங்க எண்டுதான் அவர் அப்பிடிக் கேட்டவர். நீங்க போன பொறகு, 'சொல்லல்லியே' எண்டார்."

சொல்லல்லியே. அந்த மனிதர் எனக்குக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்திருக்கிறார். நான் தேநீரைக் குடித்துவிட்டு எழும்பி வந்திருக்கிறேன். அவரிடம் இனி என்னால் சொல்ல முடியாது. அந்தக் கோலை எடுத்து அந்த மனுஷியின் வெள்ளையைக் கழற்றவைத்தவன் நீ என்று நீயும் ஆறு வருடமாக எனக்குச் சொல்லவில்லை. நீ எடுத்தது மூன்று அழைப்பு அல்ல, நாலு. நாலாவதுக்குக் காது கொடுத்தவர்கள் என்னைவிட நல்லவர்கள்.

வியாழக்கிழமை நிந்தவூருக்குப் போனேன். ஹாஜியார் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "இதச் சொல்ல உங்களுக்கு ஆறு வருசமா?" என்றார். "ஓம்" என்றேன். "உங்கட மகன்ட்டயும் நான் இந்தக் கதையக் கேட்டன். ஓம், என்ட பிழதான் எண்டார். உங்களப் பத்தி ஒரு சொல்லுச் சொல்லல்ல. என்ட மகளுக்கு அப்பிடி ஒரு ஆள்தான் வேணும். கல்யாணம் நடக்கும். ஆனா உங்களோட சிரிச்சிக் கதைக்க எனக்குக் கொஞ்ச நாள் எடுக்கும், கோவிக்காதீங்க" என்றார். கோபிக்க எனக்கு என்ன உரிமை இருக்கிறது? சரி என்று சொல்லிவிட்டு வந்தேன்.

இன்று வெள்ளிக்கிழமை. ஜும்ஆ முடிந்ததும் தலைமை மரைக்காயரிடம் சொன்னேன், பிறகு பின்னறையிலிருந்து குழாயை எடுத்துத் தூசி தட்டி ஆட்டோவில் கட்டினேன். அதே வழி. இரண்டு வருடம் கழித்து என் குரலைக் கேட்டதும் பெண்கள் வாசலுக்கு ஓடி வந்தார்கள். "ஆர் காக்கா மௌத்து?" என்று ஒருத்தி கேட்டாள். "ஆருமில்ல தங்கச்சி, கொஞ்சம் நிண்டு கேளுங்க" என்றேன். ஆறு வருடங்களுக்கு முன்னர் போடியார் அவர்கள் உயிரோடு இருக்கும்போதே அவர்கள் வபாத்தானதாக அறிவித்தவன் நான். அந்தச் செய்தியை எனக்கு யாரும் தரவில்லை. என் மகன் றிஸ்வான் என்னைத் தடுப்பதற்கு மூன்று தரம் தொலைபேசி எடுத்தான், நான் வெட்டினேன். பள்ளிவாசலில் பழியை அவன் ஏற்றான், நான் ஏற்க விட்டேன். அவன் ஒருநாளும் பொய்ச் செய்தி சொன்னதில்லை. பொய் சொன்னது நான். ஒவ்வொரு தெருமுனையிலும் மூன்று தரம் சொன்னேன். கடற்கரை வீதிக்கு வரும்போது தொண்டை கட்டிவிட்டது, வயசும் போய்விட்டது, அதனால் அங்கே மட்டும் இரண்டு தரம்.

வீட்டுக்கு வந்து உம்மாவிடம் போனைக் கொடுத்துப் பிடிக்கச் சொன்னேன். நீ அன்று சாப்பாட்டில் இருந்து கேட்டாயே, அப்படியே என் குரலைப் பதிந்து ஊரில் இருக்கிற எல்லாக் குழுக்களுக்கும் அனுப்பியாகிவிட்டது. இரண்டாம் தரம்தான் சரியாக வந்தது. முதல் தரம் உம்மா குரலைப் பதிகிற இடத்துக்குப் பதிலாகப் படம் பிடிக்கிற இடத்தை அமத்திவிட்டாள், அதில் என் கால் மட்டும்தான் இருக்கிறது. புட்டு பாக்கெட்டில் போய்விட்டது, மகனே. நீ சொன்னபோதே போட்டிருக்கலாம்.

என்னை மன்னித்து எனக்குப் பொருந்திக்கொள் என்று கேட்கத்தான் இவ்வளவும். கேட்டவுடன் "பொருந்திட்டன் வாப்பா" என்று ஒரு வொயிஸ் போட்டு முடித்துவிடாதே, அப்படித்தான் நீ செய்வாய், எனக்குத் தெரியும். ஆறு வருடக் கோபம் உனக்குள் இல்லாமல் இராது. ஏச வேண்டும் என்றால் ஏசு. எதுவும் பேசாமல் இருக்க வேண்டும் என்றால் அப்படியே இரு. ஆனால் ஒரு தரம் கோல் எடு. அஸர் தொழுதுவிட்டு வந்து போனைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருக்கிறேன். முதல் அடியிலேயே எடுப்பேன்.